புல்லு ஜாஸ்தியானா சீக்கு வர்ற குதிரை

அயர்லாந்து மேப்பை எடுத்து மேற்கு ஓரத்தை பாத்தீங்கன்னா, கால்வே ஊரைத் தாண்டி ஒரு துண்டு நிலம் அட்லாண்டிக் கடலுக்குள்ள கிழிஞ்ச துணி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அதான் கானமாரா. நடுவுல ட்வெல்வ் பென்ஸ்னு மலை, சுத்தி கிரானைட் பாறை, பாறைக்கு இடையில கால வச்சா முழங்கால் வரைக்கும் இழுத்துக்கற சதுப்பு, வருஷத்துல பாதி நாளுக்கு மேல மழை, மழை இல்லாத அன்னைக்கு கடல்காத்து. கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஓட்ஸ், மிச்சமெல்லாம் கல்லு. இந்த எடத்துல இருந்து வந்த மட்டக்குதிரை தான் கானமாரா போனி, இன்னைக்கு ஐரோப்பா பூரா, அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு எங்கெங்கயோ வளர்க்கறாங்க. இதைப் பத்தி படிக்கப் படிக்க எனக்கு ஒன்னு தான் திரும்பத் திரும்ப தோணுச்சு: எந்தக் குட்டி பொழைக்கணும், எவ்வளவு திங்கணும், எவ்வளவு வளரணும்ங்கறத எல்லாம் ரொம்ப காலமா அந்த நிலமே முடிவு பண்ணிட்டிருந்துச்சு, இப்போ அந்த வேலை மொத்தமும் வாங்கி வளர்க்கறவன் தலைல வந்து உக்காந்திருக்கு, இந்தக் குதிரைல வர்ற பிரச்சனைல முக்கால்வாசி அங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

முதல்ல இது எங்க இருந்து வந்துச்சுங்கற கதைய முடிச்சிடறேன். 1588ல ஸ்பெயின்காரன் கப்பல்படை இங்கிலாந்து மேல போய் தோத்து, திரும்பற வழில அயர்லாந்து கரைல நெறைய கப்பல் உடைஞ்சுது, அதுல இருந்த ஸ்பானிஷ் குதிரைங்க நீந்தி கரையேறி உள்ளூர் குதிரையோட கலந்துச்சுன்னு அங்க எல்லாரும் சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கு, ஆதாரம் ஒன்னும் பெருசா இல்ல. கால்வே துறைமுகத்துக்கும் ஸ்பெயினுக்கும் அதுக்கு பல வருஷம் முன்னாடி இருந்தே வியாபாரம் நடந்துச்சு, ஒயின் வந்த கப்பல்ல குதிரையும் வந்திருக்கலாம்ங்கறது தான் கொஞ்சம் நம்பற மாதிரி இருக்கு. எப்படி வந்திருந்தாலும், வந்து சேர்ந்ததுக்கு அப்புறம் அதை உருட்டி எடுத்தது அந்த ஊரு வறுமை தான்.

அந்த வறுமை சாதாரணம் இல்ல. ஒரு சம்சாரிகிட்ட ஒரே ஒரு பொட்டைக் குதிரை தான் இருக்கும், அது தான் ஏர் இழுக்கும், அது தான் சதுப்புல வெட்டி காயவச்ச பீட் மண்ணுக் கட்டிய அடுப்பெரிக்க ரெண்டு பக்கமும் கூடை கட்டி தூக்கிட்டு வரும், வயலுக்கு உரம் போட கடற்கரைல இருந்து ஈரம் சொட்டச் சொட்ட கடல்பாசி சுமக்கும், ஞாயித்துக்கிழமை குடும்பத்தையே வண்டில வச்சு சர்ச்சுக்கு இழுத்துட்டுப் போகும், இதெல்லாம் போக வருஷத்துக்கு ஒரு குட்டியும் போடும், அந்தக் குட்டிய சந்தைல வித்த காசுல தான் நிலத்துக்காரனுக்கு வாடகை கட்டணும். ஆண் குதிரைய வச்சு தீனி போடறதுக்கு வசதி கிடையாது, அதனால ஊருக்கு ஒன்னு ரெண்டு ஸ்டாலியன் தான். வேலை முடிஞ்சா மலைல அவுத்து விட்டுடுவாங்க, கெடைக்கறத மேஞ்சுக்க வேண்டியது தான். குணம் கெட்ட குதிரைய வீட்டுல பொண்டு புள்ளைங்க நடுவுல வச்சிருக்க முடியாது, நோஞ்சான் குட்டி அந்தக் குளிர்ல தாங்காது, ஜாஸ்தி திங்கற குதிரைக்கு போட தீனியே கிடையாது. இப்படி வடிகட்டி வடிகட்டி நின்னது தான் இன்னைக்கு எல்லாரும் மெச்சற அந்த சாதுவான குணம், இரும்பு மாதிரி காலு, கொஞ்சம் தின்னு நெறைய உழைக்கற உடம்பு.

1891ல அரசாங்கம் மேற்கு அயர்லாந்து ஏழை ஜில்லாக்களை முன்னேத்தறேன்னு கன்ஜெஸ்டட் டிஸ்ட்ரிக்ட்ஸ் போர்டுன்னு ஒன்னு ஆரம்பிச்சுது. அவங்க நல்ல எண்ணத்துல தான் செஞ்சாங்க, சின்னக் குதிரைய பெருசாக்கி நல்ல விலைக்கு விக்க வைக்கலாம்னு ஹாக்னி மாதிரி வெளி இன ஸ்டாலியனை எல்லாம் கொண்டாந்து விட்டாங்க. ஹாக்னி ரோட்டுல ஸ்டைலா கால் தூக்கி வண்டி இழுக்கற குதிரை, சதுப்புல அதுக்கு என்ன வேலை? கலப்புக் குட்டிங்களுக்கு அந்த மழையும் பசியும் ஒத்துக்கலன்னு ஊர்க்காரங்க புலம்ப ஆரம்பிச்சாங்க.

அப்போ தான் எடின்பரோ யூனிவர்சிட்டி புரொஃபசர் ஜேம்ஸ் காசர் யூவர்ட் அங்க வந்து போனிங்களை ஒவ்வொன்னா பாத்து, 1900ல ஒரு ரிப்போர்ட் குடுத்தாரு (இவரு ஏற்கனவே வரிக்குதிரையையும் குதிரையையும் கலந்து சோதனை பண்ணி பேர் வாங்கினவரு). அதுல அஞ்சு வகைய பிரிச்சு எழுதினாரு, இதுங்க கோவேறு கழுதை மாதிரி கெட்டியானது, வேற போனிங்க பட்டினியா செத்துப் போற எடத்துல கூட பொழைக்கும், நல்லா குட்டி போடும், பரம்பரை வியாதி ஒன்னும் கிடையாது, இது அழிஞ்சா நாட்டுக்கே நஷ்டம்னு சொன்னாரு. அந்த "பரம்பரை வியாதி கிடையாது"ங்கறத ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ரிப்போர்ட் வந்தும் ரொம்ப நாள் ஒன்னும் நடக்கல. ரோஸ்மக் ஊர்ல மைக்கேல் ஓ மாலின்னு ஒருத்தர் பேப்பருக்கு எழுதி எழுதி சத்தம் போட்டுட்டே இருந்தாரு, நடுவுல உலகப்போர், விடுதலைப் போராட்டம், உள்நாட்டுச் சண்டைன்னு எல்லாம் வந்து போய், கடைசில 1923ல தான் கானமாரா போனி வளர்ப்போர் சங்கம் உருவாச்சு. மறு வருஷம் ரவுண்ட்ஸ்டோன்ல முதல் ஷோ, 1926ல முதல் ஸ்டட் புக், அதாவது எந்தக் குதிரைக்கு எது அப்பன் எது ஆத்தாங்கற வம்சப் பதிவேடு. இன்ஸ்பெக்டருங்க ஊர் ஊரா போய், வரிசையா நிக்க வச்ச போனிங்கள்ல தேறினத மட்டும் எழுதிக்கிட்டாங்க.

அந்த புக்குல நம்பர் 1 யாருன்னா கேனன் பால்னு ஒரு கிரே ஸ்டாலியன், 1904ல பொறந்தது. ஊக்டரார்ட் ஊர்ல சம்சாரிங்க ரேஸ்ல தொடர்ந்து 16 வருஷம் ஜெயிச்சுதுன்னு சொல்லுவாங்க, ரேஸுக்கு முந்தின ராத்திரி அரை பீப்பா ஓட்ஸ் வச்சாங்கன்னும் சொல்லுவாங்க, 1926ல அது செத்தப்போ மனுஷனுக்கு பண்ற மாதிரி ராத்திரி பூரா ஊரே கூடி உக்காந்து குடிச்சு பாடி விடிஞ்சதுக்கு அப்புறம் பொதச்சாங்கன்னும் சொல்லுவாங்க. எவ்வளவு உண்மை எவ்வளவு கூட்டினதுன்னு கேட்டுட்டு இருக்காம விட்டுடறது நல்லது. எனக்கு இதுல சுவாரஸ்யமா பட்டது வேற, அந்த கேனன் பாலோட அப்பன் டைனமைட், டைனமைட்டோட அப்பன் பிரின்ஸ் லெவெலின், அது போர்டு காலத்துல வெளிய இருந்து வந்த வேல்ஸ் காப் குதிரை. அதாவது சுத்த ரத்தம் காப்பாத்தணும்னு ஆரம்பிச்ச புக்குல முதல் வரியே கலப்பு. இதை நான் குத்தமா சொல்லல, எந்த நாட்டு எந்த மாட்டினம் குதிரையினம் எடுத்தாலும் இப்படி தான் இருக்கும், சுத்தம்ங்கறது புக்கு போட்ட தேதில இருந்து தான் ஆரம்பிக்குது.

சங்கத்துக்காரங்களுக்கும் இது தெரிஞ்சிருந்துச்சு. கொஞ்ச ஸ்டாலியனையே திரும்பத் திரும்ப போட்டா ரத்தம் நெருங்கிடும்னு பயந்து 1940கள்ல இருந்து அவங்களே வெளி ரத்தத்த அளவா உள்ள விட்டாங்க. லிட்டில் ஹெவன்னு ஒரு தரோபிரெட் (ரேஸ் ஓடற குதிரை இனம்), நசீல்னு ஒரு அரபிக் குதிரை, ஐரிஷ் டிராஃப்ட்னு ஏர் வண்டி இழுக்கற அயர்லாந்து இனத்துப் பக்கமும் கொஞ்சம். லிட்டில் ஹெவனோட மகன் கார்னா டன் 1948ல பொறந்தது, இன்னைக்கு எந்த நல்ல போனியோட வம்சத்த கிளறினாலும் அது பேரு எங்கயாவது மாட்டும். அதே லிட்டில் ஹெவனுக்கு பொறந்த டன்ட்ரம்ங்கற கலப்புக் குதிரை டாமி வேட் ஏறி பெரிய பெரிய ஷோ ஜம்பிங், அதாவது தடை தாண்டற போட்டி எல்லாம் ஜெயிச்சு அயர்லாந்துல வீட்டுக்கு வீடு பேரு ஆச்சு. அதுக்கப்புறம் 1964ல புக்க மூடிட்டாங்க. மூடறதுன்னா, அப்பன் ஆத்தா ரெண்டும் ஏற்கனவே புக்குல இருந்தா தான் இனிமே குட்டிக்கு எடம்.

கானமாரா ரத்தம் கலந்ததுல உலகம் பூரா பேசினது ஸ்ட்ரோலர் தான். தரோபிரெட்டும் கானமாராவும் கலந்தது, போனி சைஸுக்கு மேல வளரல, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல மேரியன் கோக்ஸ்ங்கற பொண்ணு அதுல ஏறி தன்ன விட ஒரு அடி உயரமான குதிரைங்களோட போட்டி போட்டு வெள்ளி வாங்கிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் விலை ஏறாம இருக்குமா.

சரி, இப்போ வளர்க்கறவங்க பக்கம் வருவோம். புக்குல இருக்கற அளவுப்படி தோள் மேட்டுல 128ல இருந்து 148 சென்டிமீட்டர், நம்ம கணக்குல நாலடி ரெண்டு அங்குலத்துல இருந்து நாலடி பத்து அங்குலம். ஆனா பாருங்க, இதே வம்சக் குட்டிய எடுத்துட்டுப் போய் கிழக்கால சுண்ணாம்புக்கல் நிலத்துல, கால்சியம் உள்ள கொழுத்த புல்லுல வளர்த்தா 148ஐ சர்வ சாதாரணமா தாண்டிடுது. வளர்ச்சிய அமுக்கி வச்சிருந்தது பாதி ஜீன்னா மீதி அந்த கிரானைட் மண்ணு. அளவு தாண்டின குதிரைக்கு போட்டில போனி கிளாஸ்ல எடம் இல்ல, அதனால நல்லா தீனி போட்டு வளர்த்தவனுக்கு விலை கொறையுது, இந்த அநியாயத்த எங்க போய் சொல்ல.

உயரத்த விட பெரிய பிரச்சனை லாமினைட்டிஸ். குளம்பு ஓட்டையும் உள்ள இருக்கற எலும்பையும் புடிச்சு வச்சிருக்கற மெல்லிசான சதை அடுக்கு வீங்கி விட்டுப்போற வியாதி, ரொம்ப முத்தினா எலும்பு கீழ திரும்பி அடிக்குளம்ப குத்திட்டு வந்துடும், அப்புறம் கருணைக்கொலை தான். இதுக்கு காரணம் பட்டினி இல்ல, நேர்மாறா புல்லு. மேய்ச்சலுக்குன்னு உரம் போட்டு வளர்த்த பச்சைப் புல்லுல சர்க்கரை ஜாஸ்தி, அது உள்ள போனா இந்த மாதிரி போனிங்களுக்கு ரத்தத்துல இன்சுலின் எகிறும், அந்த இன்சுலினே குளம்ப கெடுக்குது. சதுப்புல கெடைக்கற நார்ப்புல்ல வச்சு குளிர்காலத்த ஓட்டணும்னா கெடைச்சத கொழுப்பா சேர்த்து வைக்கற உடம்பு வேணும், அந்த உடம்ப தான் தலைமுறை தலைமுறையா நிலம் பொறுக்கி எடுத்துச்சு. அங்க கோடைல கொழுத்து குளிர்ல இளைச்சு மறுபடி கொழுக்கும், அது ஒரு சுத்து. இப்போ வாங்கினவங்க குளிர் வந்ததும் பாவம்னு போர்வை போத்தி, ஷெட்டுல கட்டி, கூட ஒரு வாளி தீனியும் வச்சா, இளைக்க வேண்டிய மாசத்துலயும் இளைக்காது, அடுத்த புல்லு மொளைக்கறப்போ ஏற்கனவே கழுத்து மேல கொழுப்பு கெட்டியா திரண்டு நிக்கும்.

அதனால கானமாரா வச்சிருக்கறவங்க வேலை பெரும்பாலும் தீனிய கொறைக்கற வேலை தான், கேக்கறதுக்கே வினோதமா இருக்கும். மேய்ச்சல் நிலத்த வேலி போட்டு சின்னதாக்கி நாளைக்கு கொஞ்சம் கொஞ்சமா தொறந்து விடறது, வாயில ஓட்டை போட்ட மூஞ்சிமூடி மாட்டி மேய விடறது, காஞ்ச புல்ல தண்ணில ஊறவச்சு சர்க்கரைய கரைச்சுட்டு போடறது, வாராவாரம் நெஞ்சு சுத்தளவ டேப் வச்சு பாக்கறது. பனி விழுந்து வெயில் அடிக்கற காலைல மேய விடக்கூடாது, ஏன்னா குளிருக்கு புல்லு வளராம சர்க்கரை அப்படியே தங்கி நிக்கும். கொள்ளுன்னா வாய தொறக்கும் கடிவாளம்னா மூடும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, இது புல்லுன்னா வாய மூடவே மூடாது. யானைய கட்டி தீனி போடற கதை இல்ல இது, தீனி போடாம இருக்கறதுக்கு தான் காசும் நேரமும் செலவாகுது. இதோட ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவணும், சாணிய டெஸ்ட் பண்ணி புழு இருந்தா மட்டும் மருந்து, ஈர நிலம்னா ஈரல் புழுவும் பாக்கணும், கோடைல கொசு மாதிரி குட்டிப் பூச்சி கடிச்சு பிடரியெல்லாம் சொறிஞ்சு புண்ணாக்கிக்கற போனியும் உண்டு.

குட்டி எடுக்கறதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா அவசரம் கிடையாது. ரேஸ் குதிரைக்காரங்களுக்கு ஜனவரி 1 தான் எல்லாக் குதிரைக்கும் பொறந்தநாள், அதனால வருஷ ஆரம்பத்துலயே குட்டி வேணும்னு ராத்திரில லைட்ட போட்டு பொட்டைக் குதிரைய பருவத்துக்கு கொண்டு வருவாங்க. போனிக்காரங்களுக்கு ஏப்ரல் கடைசி, மே மாசம் போதும், புல்லு வந்ததுக்கு அப்புறம் குட்டி வந்தா தாய்க்கு பால் தானா ஊறும். சினைக்காலம் சுமார் பதினோரு மாசம், பருவம் 21 நாளைக்கு ஒரு தடவை சுத்தும், ஈன்ன ஒரு வாரம் பத்து நாள்லயே முதல் பருவம் வந்துடும், அதை விட்டுட்டு அடுத்ததுல சேக்கறவங்களும் உண்டு. சேத்த ரெண்டு வாரத்துல ஸ்கேன் பண்றது முக்கியமா ரெட்டை இருக்கான்னு பாக்க தான், குதிரைக்கு ரெட்டைங்கறது சந்தோஷ செய்தி கிடையாது, பெரும்பாலும் ரெண்டும் போயிடும், சில சமயம் தாயும் சேந்து. ஈனறது பெரும்பாலும் ராத்திரில, ஆள் தூங்கற நேரமா பாத்து. குட்டி ஒரு மணி நேரத்துல எந்திரிக்கணும், ரெண்டு மணி நேரத்துல சீம்பால் குடிக்கணும், மூணு மணி நேரத்துக்குள்ள நஞ்சுக்கொடி விழணும், இதுல எது தவறினாலும் டாக்டருக்கு ஃபோன் போட்டுடணும்.

கலர் விஷயத்துல தான் புதுசா வர்றவங்க ஏமாந்து போவாங்க. வெள்ளையா பளபளன்னு நிக்கற கிரே போனிங்க எல்லாம் பொறக்கறப்போ கருப்பாவோ பழுப்பாவோ தான் இருக்கும், குட்டி கண்ண சுத்தி நாலு நரை முடி தெரியுதான்னு குனிஞ்சு பாத்தா தான் இது பின்னாடி வெளுக்கப்போகுதுன்னு தெரியும். கிரேக்கு வயசானா வாலுக்கு அடில கட்டி வர்றது சகஜம், அந்த நரைக்கற ஜீனோட சேந்தே வர்ற தொல்லை. இன்னொன்னு, அங்க டன்னுன்னு கூப்படற மணல் கலர், கருப்பு பிடரி கருப்பு காலோட அழகா இருக்கும், அது பழுப்புக் குதிரைக்கு கலர நீர்க்க வைக்கற ஜீன் ஒரு பங்கு வந்தா கெடைக்கறது. ரெண்டு டன்ன சேத்தா நாலுல ஒரு குட்டிக்கு அந்த ஜீன் ரெண்டு பங்கா வந்து, நீலக்கண்ணோட வெளிறின கிரீம் கலர்ல பொறக்கும். ஒரு காலத்துல இந்தக் குட்டிய புக்குல சரியா சேக்காம ஒதுக்கி வச்சிருந்தாங்க, உடம்புக்கு ஒரு கொறையும் இல்லாத குட்டிய கண்ணு கலருக்காக ஒதுக்கினது எனக்கு சுத்தமா புரியல.

இப்போ யூவர்ட் சொன்னதுக்கு வர்றேன். இந்த இனத்துல சில குட்டிங்களுக்கு பொறந்து கொஞ்ச மாசத்துலயே குளம்போட வெளிச்சுவர் வெங்காயத்தோல் மாதிரி பிரிஞ்சு உடைய ஆரம்பிக்கும், சுவர் தாங்க வேண்டிய எடைய அடிப்பாதம் தாங்கி நாள் பூரா வலி. ரொம்ப நாளா தீனி சரியில்ல, ஈர நிலம், லாடம் அடிக்கறவன் சரியில்லன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டு இருந்தாங்க. 2015ல தான் இது பரம்பரை வியாதி, செர்ப்பின் பி11ங்கற ஜீன்ல இருக்கற கொறைன்னு ஆராய்ச்சில கண்டுபுடிச்சு வெளியிட்டாங்க. அப்பன்கிட்ட ஒன்னு ஆத்தாகிட்ட ஒன்னுன்னு ரெண்டு பங்கும் வந்தா தான் வியாதி, ஒரு பங்கு மட்டும் இருந்தா குதிரை ஜம்முன்னு இருக்கும், ஆனா குட்டிக்கு கடத்தும். அந்த ஆராய்ச்சில இப்படி கடத்தற போனிங்க சுமார் 14.8 சதவீதம்னு வந்துச்சு, அதாவது ஏழுல ஒன்னு.

இந்த நம்பர வச்சு ஒரு கணக்கு போட்டு பாத்தேன். கண்ண மூடிட்டு சேத்தா ரெண்டு பக்கமும் கடத்தறதா மாட்டறது நூத்துக்கு ரெண்டு தடவை, அதுலயும் நாலுல ஒரு குட்டிக்கு தான் வியாதி, ஆக மொத்தம் கிட்டத்தட்ட 180 குட்டிக்கு ஒன்னு. ரெண்டு பொட்டைக் குதிரை வச்சிருக்கற சம்சாரி ஆயுசுக்கும் நாப்பது அம்பது குட்டி தான் பாப்பாரு, அவருக்கு இது கண்ணுல படாமலே போகலாம், பட்டாலும் ஏதோ துரதிர்ஷ்டம்னு விட்டுடுவாரு, பக்கத்து ஊர்க்காரனுக்கு ஒன்னு பொறந்தா அவனும் வெளிய சொல்ல மாட்டான், சொன்னா அவன் குதிரைக்கு விலை போயிடும். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாம இருந்ததால தான் ஏழுல ஒன்னுங்கற அளவுக்கு சத்தமில்லாம பரவ முடிஞ்சுது. புக்கும் 1964ல மூடியாச்சு, ஷோல ஜெயிச்ச நாலு ஸ்டாலியன்கிட்டயே எல்லாரும் ஓடறாங்க, அதுல ஒன்னு கடத்தறதா இருந்தா அதோட குட்டில பாதிக்கு அந்த ஜீன் போய் சேந்துடும், பேத்தி காலத்துல ரெண்டு பக்கமும் வந்து முட்டும். மலைல விட்டிருந்த காலத்துல குளம்பு உடைஞ்ச குட்டி நடக்க முடியாம செத்திருக்கும், யாரும் கணக்கு வச்சிருக்க மாட்டாங்க. யூவர்ட் பாத்தது நடந்து வந்து முன்னாடி நின்ன குதிரைங்கள தானே.

இப்போ நாலு முடிய வேரோட புடுங்கி லேபுக்கு அனுப்பினா தெரிஞ்சுடும், சங்கமும் பாஸ்போர்ட்லயே அந்த ரிசல்ட்ட போடுது. அப்போ கடத்தற குதிரைய எல்லாம் இனத்துல இருந்து தூக்கிடலாமேன்னு கேப்பீங்க. அது தப்புன்னு தான் நான் நெனைக்கறேன், ஏழுல ஒன்ன தூக்கினா அதோட சேந்து இருக்கற நல்ல ரத்தமும் போயிடும், ஏற்கனவே மூடின புக்கு இன்னும் குறுகிடும், வேற ஏதாவது மறைஞ்சிருக்கற கொறை நாளைக்கு மேல வரும். கடத்தற குதிரைய கடத்தாததோட மட்டும் சேத்தா வியாதிக் குட்டி பொறக்கவே பொறக்காது, பொறக்கற குட்டில பாதி கடத்தாததா இருக்கும், அதுல இருந்து பொறுக்கி அடுத்த தலைமுறைக்கு வச்சா அந்த ஜீன் கொறஞ்சுட்டே வரும், அது போதும்.

சங்கம் இன்னைக்கும் ரெண்டு வயசுக்கு மேல போனிங்கள வரவச்சு, டாக்டர வச்சு பாத்து, நடக்க விட்டு, கிளாஸ் பிரிச்சு தான் புக்குல சேக்குது. ஆண் குட்டில பெரும்பாலானதுக்கு காயடிச்சுடுவாங்க, அதுவும் நல்லது தான், நல்ல குணமா பிள்ளைங்க ஏறற குதிரையா விலை போகும். ஆகஸ்ட் மாசம் மூணாவது வியாழக்கிழமை கிளிஃப்டன் ஷோ, 1947ல இருந்து அந்த ஊர்ல தான் நடக்குது, அன்னைக்கு பல நாட்டுக்காரங்க வந்து நிப்பாங்க, கோட் போட்ட ஜட்ஜ் ஒரு பக்கம், ரப்பர் பூட்ஸ் போட்ட பெருசுங்க ஒரு பக்கம், கையில பரிசு இருக்கோ இல்லையோ வெளிய ரோட்டோரத்துல பேரம் ஓடிட்டே இருக்கும். இன்னமும் அங்க பாதி பேர் ரெண்டு மூணு குதிரை வச்சிருக்கற சின்ன சம்சாரிங்க தான், குட்டி வித்து வர்ற காசுல தீனி, டாக்டர், டெஸ்ட், பாஸ்போர்ட் செலவு போனா பெருசா மிச்சம் ஒன்னும் இருக்காது.

அக்டோபர் வாக்குல குட்டிக்கு அஞ்சு ஆறு மாசம் ஆகியிருக்கும், பால் மறக்கடிக்கற நேரம். வாங்கினவர் டிரெய்லர் கொண்டு வந்து ஏத்திட்டுப் போயிடுவாரு, தாய ஒருத்தர் கயித்துல புடிச்சு வேற வயலுக்கு கூட்டிட்டுப் போவாரு. ரெண்டு நாள் வேலி ஓரமா ஓடி ஓடி கனைக்கும், அக்கம்பக்கத்துல யாருக்கும் தூக்கம் இருக்காது. மூணாவது நாள் தலைய குனிஞ்சு மேய ஆரம்பிச்சுடும், வயித்துல அடுத்த குட்டிக்கு அப்போ நாலு மாசம்.